ஊட்டித் தைலம்: அண்டா வாங்கும் முன் ஒரு கணக்கு

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பேருந்து ஜன்னலைத் திறந்தாலே அந்த வாசனை வந்துவிடும். இருபுறமும் வானம் தொட நிற்கும் மரங்களை வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். மலையில் இருப்பவர்களுக்கு அது கற்பூர மரம். ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்த மரம் 1843-ல் நீலகிரிக்கு வந்தது. குளிருக்கு விறகு வேண்டும் என்றுதான் வெள்ளைக்காரர்கள் இதைப் பரப்பினார்கள். இலையில் எண்ணெய் எடுக்கும் தொழில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஊட்டியைச் சுற்றிய கிராமங்களில் தைலம் காய்ச்சும் கொட்டகைகளைப் பார்க்கலாம். பெரிய ஆலை எதுவும் கிடையாது. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய அடுப்பு, அதன்மேல் ஆள் உயர அண்டா. அடியில் தண்ணீர், மேலே இலையைத் திணித்து, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைக்கிறார்கள். மூடியிலிருந்து புறப்படும் குழாய், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து வெளியே வருகிறது. காய்ச்சி முடித்த இலையைக் காயவைத்தால் அதுவே அடுத்த அடுப்புக்கு விறகு.

இந்த எண்ணெய் தனியாகக் கொதிக்க 170 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால், நீராவியோடு சேர்ந்தால் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குள்ளேயே கிளம்பிவிடும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாயில் குளிர்ந்து இறங்கும்போது எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும். மேலாக வடித்து எடுக்க வேண்டியதுதான். அதே மலையில் எடுக்கும் வின்டர்கிரீன் எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் தங்கும். எந்தச் செடியில் எண்ணெய் எடுத்தாலும், அது மிதக்குமா, மூழ்குமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் எண்ணெயைக் கீழே கொட்டிவிட்டுத் தண்ணீரைப் பத்திரப்படுத்துவோம்!

‘இதை நம் வீட்டிலேயே செய்ய முடியாதா?’ என்பது பலருக்கும் உள்ள கேள்வி. செய்யலாம். ஆனால், ஊட்டிக் கொட்டகைக்கு இயற்கையே தரும் ஒரு பொருள் நம்மிடம் இல்லை. அது குளிர்ந்த தண்ணீர்.

ஒரு லிட்டர் நீராவித் தண்ணீரைக் குளிரவைத்து இறக்க, மலையின் 15 டிகிரித் தண்ணீர் சுமார் 20 லிட்டர் போதும். நம் கிணற்றுத் தண்ணீர் 28 டிகிரி இருந்தால், 35 லிட்டர் வரை வேண்டும். 100 லிட்டர் வடிக்க, மலையில் 2,000 லிட்டர், சமவெளியில் 3,500 லிட்டர். குளிர்வு போதாவிட்டால், ஆவியோடு எண்ணெயும் காற்றில் போய்விடும். கொட்டகை முழுக்க வாசனை தூக்குகிறதென்றால், காசு பறக்கிறது என்று பொருள். சூடான தண்ணீரைத் தொட்டியில் ஆறவிட்டு மறுபடி பயன்படுத்தலாம், தோட்டத்துக்கும் விடலாம்.

அடுத்து இலைக் கணக்கு. 100 கிலோ கற்பூர இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய். வீட்டுப் பாத்திரத்தில் மூன்று கிலோ இலை போட்டால் சுமார் 30 மில்லி. வீட்டுத் தேவைக்குப் போதும், பிழைப்புக்குப் போதாது. எலுமிச்சைப்புல்லில் இன்னும் குறைவு. 100 கிலோ பச்சைப் புல்லுக்கு 300 முதல் 500 கிராம்தான். வெட்டிவேருக்கு ஒரு நாள் முழுக்கவும், அதற்கு மேலும் அடுப்பு எரிய வேண்டும், விறகுச் செலவு அதிகம். மல்லிகை இந்த முறைக்கு ஒத்தே வராது. ஆவிச்சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். ஆலைகளில் கரைப்பான் கொண்டு எடுக்கிறார்கள், அதை வீட்டில் முயல்வது தீ விபத்துக்கு வழி.

இதற்காக நிலத்தில் கற்பூர மரம் நடவும் வேண்டாம். ஊட்டி மரம் குளிருக்குப் பழகியது. காகித ஆலைக்காகச் சமவெளியில் வளர்க்கும் தைல மரம் வேறு இனம், ஊட்டித் தைலத்தின் குணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. நீலகிரியிலேயே அயல் மரங்களை அகற்றி, சோலையையும் புல்வெளியையும் மீட்கும் வேலை நடக்கிறது. மலையிலிருந்து நாம் எடுத்துவர வேண்டியது தொழில்நுட்பத்தை மட்டும்தான். செடி நம் மண்ணுக்கு ஏற்றதாக இருக்கட்டும். கடலூர் கடற்கரை மணலில் வெட்டிவேர் வருகிறது. மேட்டு நிலத்தில் எலுமிச்சைப்புல் வரும். நட்ட மூன்று, நான்கு மாதத்தில் முதல் அறுப்பு. கேரளாவின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் தந்த ‘சுகந்தி’ ரகம் பெயர் பெற்றது. அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டால் அண்டாவில் கூடுதலாகப் பிடிக்கும்.

வீட்டில் முயல்பவர்கள் மூன்றை மறக்கக் கூடாது. ஆவி போகும் குழாய் அடைபடவே கூடாது, அடைபட்டால் பாத்திரம் வெடிக்கும். அடியில் தண்ணீர் வற்றக் கூடாது, வற்றினால் இலை தீய்ந்து எண்ணெயில் புகை வாடை ஏறும். எடுத்த எண்ணெயில் தண்ணீர் நீக்கி, நிறமுள்ள கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

இன்னொன்று, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. சளிக்கு நல்லது என்று நீலகிரித் தைலத்தைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு தேக்கரண்டி அளவே வலிப்பு, மயக்கம் வரை கொண்டுபோகும். கைக்குழந்தையின் மூக்கருகில் தடவுவதும் ஆபத்து. தவறி விழுங்கினால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கருவி விற்பவர் வாசலுக்கு வந்தால் நாலு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ இலை கிடைக்கும்? குளிர்விக்கத் தண்ணீர் எவ்வளவு? விறகு எங்கிருந்து? எண்ணெயை வாங்குபவர் யார், என்ன விலைக்கு? நாலுக்கும் பதில் இருந்தால் அண்டா வாங்கலாம். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், முதலில் பழைய பாத்திரத்தில் மூன்று கிலோவைக் காய்ச்சிப் பாருங்கள். அந்த 30 மில்லியே மீதியைச் சொல்லிவிடும்.