ஒன்பது கிரெடிட்

"சார், பிள்ளை ஒரே ஒரு பாடத்தைத்தான விட்டுச்சு. அதுக்காகவா நாட்டை விட்டே போகச் சொல்றாங்க?"

சிவகாசியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்தும் ஒருவர் 2024 ஜனவரியில் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. நான் நியூஜெர்சியில் குடியேற்றச் சட்ட வழக்குகளை நடத்துகிறவன். பிறந்த ஊர் கோவில்பட்டி. "அண்ணாச்சி, முதல்ல பிள்ளையை எங்கிட்ட பேசச் சொல்லுங்க. எந்தப் பேப்பரையும் தூரப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். அந்த மாணவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் வெளிப்படாதிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

அவள் அமெரிக்காவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. 2023 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில் 13 கிரெடிட் எடுத்திருந்தாள். செப்டம்பரில் நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, மளமளவென்று எடை குறைவது. வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. பரிசோதித்தபோது கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். மருத்துவர் படிப்புச் சுமையைக் குறைக்கச் சொன்னார். வேதியியல் பேராசிரியர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். துறையின் கல்வி ஆலோசகர் பாடத்தை விடும் படிவத்தில் உடனே கையெழுத்திட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் நான்கு கிரெடிட் பாடம் ஒன்று பட்டியலிலிருந்து போனது. மிச்சம் ஒன்பது.

இரண்டு வாரத்தில் சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுமதியின்றி முழுநேரப் படிப்பிலிருந்து இறங்கிவிட்டதால் வெளிநாட்டு மாணவர்களுக்கான செவிஸ் கணினி முறையில் உன் பதிவு முடிக்கப்பட்டது என்று. அவமானத்தில் அதை வீட்டுக்குச் சொல்லாமல் பொங்கல் வரை மறைத்து வைத்திருந்தாள்.

என்னிடம் பேசியபோது அவள் திரும்பத் திரும்பச் சொன்னது, "எனக்கு விசா 2027 வரைக்கும் இருக்கே சார்" என்பதுதான். இந்த நம்பிக்கையோடு வருகிற மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் எஃப்-1 விசா, விமான நிலையத்தில் வந்து நின்று உள்ளே விடும்படி கேட்பதற்கானது. உள்ளே வந்தபின் சட்டப்படி இருக்கிறோமா என்பதைச் சொல்வது ஸ்டேட்டஸ். நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் மாணவர்களின் ஐ-94 பதிவில் பெரும்பாலும் கடைசித் தேதி இருக்காது. 'டி/எஸ்' என்று இரண்டு எழுத்து இருக்கும். விதிப்படி மாணவராக இருக்கும் காலம் வரை இருக்கலாம் என்பது அதன் பொருள். இளநிலை மாணவருக்கு அந்த விதியின் முதல் வரி, பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட்.

இதைக் கண்காணிக்கும் செவிஸ் கணினி முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1993-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் வந்து படிப்பைக் கைவிட்டவர். வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய தகவல்களை மின்னணு முறையில் திரட்ட வேண்டும் என்று 1996-ல் சட்டம் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அது வேகம் பிடித்து, 2003-ல் செவிஸ் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் அதில் பதிவு செய்யும் அதிகாரம் பெற்றவர் டி.எஸ்.ஓ. என்னும் அலுவலர். நோயுற்ற மாணவர் பாடங்களைக் குறைக்க விதி தாராளமாகவே இடம் கொடுக்கிறது. ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை குறைக்கலாம். தேவையானால் ஒரு பாடமும் எடுக்காமல்கூட இருக்கலாம். ஆனால் பாடத்தை விடுவதற்கு முன்பே டி.எஸ்.ஓ. அனுமதித்திருக்க வேண்டும். மருத்துவருக்கோ பேராசிரியருக்கோ கல்வி ஆலோசகருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. இந்தப் பெண்ணுக்கு உதவிய மூவரும் நல்லவர்கள். மூவரில் ஒருவர், "நீ எந்த விசாவில் இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் இந்த வழக்கே இல்லை.

"ஊருக்கு வந்துட்டுத் திரும்பப் போகட்டுமே சார்" என்றார் அப்பா. அதுவும் ஒரு வழிதான். கல்லூரி தரும் ஐ-20 என்னும் மாணவர் தகுதிச் சான்றைப் புதிதாக வாங்கி, 350 டாலர் செவிஸ் கட்டணம் மறுபடி கட்டி, புதிதாக நுழையலாம். ஆனால் முதலிலிருந்து தொடங்கியதாகக் கணக்கு. படிப்பு சார்ந்த வேலை அனுமதிக்கு மறுபடி ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். புது விசா தேவைப்பட்டால் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், பதிவு ரத்தான கதையைச் சில நிமிட நேர்காணலில் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அவளுடைய சிகிச்சையும் இங்கே பாதியில் நின்றுபோகும்.

இன்னொரு வழி ரீஇன்ஸ்டேட்மென்ட். இங்கிருந்தபடியே ஐ-539 படிவத்தில், இழந்த ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்பது. இது நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. மறுநாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் நாட்கள் ஏறத் தொடங்கும். அது 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று ஆண்டும், ஒரு வருடம் எட்டிவிட்டால் பத்து ஆண்டும் திரும்ப வரத் தடை. விதி மீறிய நாளிலிருந்தே அந்த நாட்களை எண்ண அரசு 2018-ல் முயன்றது. கில்ஃபோர்ட் கல்லூரி முதலானோர் தொடுத்த வழக்கில் வட கரோலினா கூட்டாட்சி நீதிமன்றம் 2020-ல் அதை நிரந்தரமாகத் தடுத்தது. அந்தத் தீர்ப்பு இருந்ததால்தான் இந்த மனுவைத் துணிந்து போடச் சொன்னேன்.

மனுவின் நிபந்தனைகளில் என் வயிற்றைக் கலக்கியது ஒன்று: அனுமதியில்லாத வேலை எதுவும் செய்திருக்கக் கூடாது. நோயை மன்னிக்க விதியில் இடமுண்டு. வேலைக்கு விதிவிலக்கே எழுதப்படவில்லை. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றாலும், அது ஸ்டேட்டஸ் உள்ளவருக்குத்தான். இவள் விடுதி உணவகத்தில் பாத்திரம் துலக்கும் பகுதியில் வேலை பார்த்தவள். "எப்ப நின்ன?" என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். சம்பளப் பிரிவிலிருந்து வருகைப் பதிவை வாங்கச் சொன்னேன். கை நடுங்கித் தட்டுகளைப் பிடிக்க முடியாததால் செப்டம்பர் மத்தியிலேயே அவள் நின்றுவிட்டது அதில் இருந்தது. பாடத்தை விட்ட பிறகு ஒரு மணி நேரம்கூட வேலை இல்லை. வழக்குக்கு உயிர் வந்தது அந்தத் தாளில்தான்.

மருத்துவச் சான்றில் இன்னொரு சிக்கல். மாணவர் நல மையத்தில் அவளை முதலில் பார்த்தவர் ஒரு உயர்நிலைச் செவிலியர். அவர் கொடுத்த கடிதம் அன்பானது, ஆனால் பயன்படாதது. மருத்துவரோ உரிமம் பெற்ற உளவியல் நிபுணரோ தரும் சான்றைத்தான் விதி கேட்கிறது. நல்லவேளையாக நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவர் செப்டம்பரிலேயே அவளைப் பரிசோதித்திருந்தார். நோயின் பெயர், பார்த்த தேதி, சுமையைக் குறைக்கச் சொன்ன தேதி மூன்றும் இருக்கும்படி அவரிடம் கடிதம் வாங்கினோம்.

வாதத்தை எங்கே ஊன்றுவது? நோய் அவள் கையில் இல்லாதது என்று சொல்லலாம். ஆனால் எந்த அதிகாரியும் திருப்பிக் கேட்பார்: நோய் வந்தது சரி, ஒரு மின்னஞ்சல் அனுப்பவா முடியாமல் போனது? விதியில் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது. டி.எஸ்.ஓ.வே அனுமதித்திருக்கக்கூடிய பாடக் குறைப்பாக அது இருந்து, மனுவை ஏற்காவிட்டால் மாணவருக்குக் கடும் துன்பம் நேரும் என்றும் காட்டினால் போதும். அதைத்தான் பிடித்தேன். "முன்கூட்டிக் கேட்டிருந்தால் அனுமதித்திருப்போம்" என்ற ஒரு வரி அந்த அலுவலகத்திலிருந்து எழுத்தில் வேண்டியிருந்தது. முதலில் தயங்கினார்கள். மருத்துவச் சான்றுகளைத் தேதி வரிசையில் அடுக்கி அனுப்பியபின் டி.எஸ்.ஓ. அந்த வரியை எழுதினார்; ரீஇன்ஸ்டேட்மென்டைப் பரிந்துரைத்துப் புது ஐ-20யும் கொடுத்தார்.

கடும் துன்பத்துக்குக் கல்விக் கடன் ஒப்பந்தத்தையும், அடமானத்தில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும், தொடரும் சிகிச்சையின் விவரத்தையும் வைத்தோம். வாக்குமூலத்தை அவளையே எழுதச் சொன்னேன். முதலில் எங்கோ கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதி அனுப்பினாள். நூறு பேர் மனுவில் இருக்கும் அதே வரிகள். "உனக்கு நடந்ததை உங்க அப்பாவுக்குச் சொல்ற மாதிரி எழுதும்மா" என்றேன். அடுத்து வந்ததில் பியூரெட் இருந்தது, படிவத்தில் கையெழுத்து வாங்கியபோது வந்த நிம்மதி இருந்தது.

ஸ்டேட்டஸ் போய் ஐந்து மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தாண்டினால் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டோம். அந்தப் பருவத்தில் அவள் 12 கிரெடிட் எடுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு காத்திருப்பு. அந்த மாதங்கள் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று பார்ப்பது எனக்கு எப்போதும் வேதனைதான். மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் மனுவைக் கைவிட்டதாகிவிடும். அக்காவின் கல்யாணத்தை அவள் வீடியோவில் பார்த்தாள். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், "சனி ஞாயிறு வந்து கல்லாவுல உட்காரு பாப்பா, கையில காசு தர்றேன், கணக்குல வராது" என்று கூப்பிட்டார். கடன் வட்டியைக் காட்டி அப்பாவும் என்னிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "அண்ணாச்சி, ஒரு நாள் அங்க உட்கார்ந்தா, இத்தனை பேர்கிட்ட வாங்கின காகிதமும் வீண்" என்றேன். அச்சக மெஷின் ஒன்றை விற்று அந்த வருட வட்டியைக் கட்டினார்.

ஜூனில் கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதோடு இணைத்திருந்தது, முதலாண்டு அறிமுகக் கூட்டத்தில் அவள் கையெழுத்திட்ட தாள். பாடத்தைக் குறைக்குமுன் சர்வதேச அலுவலகத்தைக் கேட்பேன் என்று அதில் இருந்தது. ஆலோசகர் மீது பழியைப் போடலாமே என்று அவளுடைய நண்பர்கள் சொன்னார்கள். டி.எஸ்.ஓ.வின் கவனக்குறைவைத்தான் விதி காரணமாக ஏற்கிறது, ஆலோசகர் டி.எஸ்.ஓ. அல்ல. மனுவில் ஒரு பொய்யான சாக்கு இருந்தால் மற்ற உண்மைகளையும் அதிகாரி நம்பமாட்டார். உள்ளதைச் சொன்னோம்: கையெழுத்திட்டது உண்மை, பல்கலைக்கழகப் படிவத்தில் கிடைத்த ஒப்புதலே அனுமதி என்று நினைத்ததும் உண்மை, மறைக்க நினைத்தவள் அதிகாரபூர்வப் படிவம் கொடுத்து, ஒப்புதல் வாங்கிப் பாடத்தை விடமாட்டாள். இது தெரிந்தே செய்த மீறல் அல்ல என்பதற்கு அந்தப் படிவமே சான்று என்று வாதிட்டேன்.

செப்டம்பரில் மனு ஏற்கப்பட்டது. அப்பாவிடம் சொன்னபோது அச்சகச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

2025 ஏப்ரலில் அவள் மறுபடி அழைத்தாள். நாடெங்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அரசே முடித்துக்கொண்டிருந்த நேரம் அது. காவல்துறைப் பதிவுகளில் பெயர் இருந்ததே பலருக்குக் காரணம். தள்ளுபடியான வழக்குகளும் சிறு போக்குவரத்து விதிமீறல்களும்கூட அதில் இருந்தன. நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை விதிக்க, அந்த மாதம் 25-ம் தேதி பதிவுகளை மீட்பதாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. அவள் பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கேட்டாள்: "எல்லாத்தையும் சரியாச் செஞ்சாலும் போயிடுமா சார்?"

போகலாம், ஆனால் அப்படிப் போனால் அது அரசு பதில் சொல்ல வேண்டிய வழக்கு, அதை நான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவேன் என்றேன். பழைய ஐ-20 எல்லாவற்றையும், ஏற்பு உத்தரவையும், மருத்துவர் கடிதத்தையும், உணவக வருகைப் பதிவையும் ஒரே கோப்பில் வைத்து, ஒரு பிரதியைச் சிவகாசிக்கு அனுப்பச் சொன்னேன். அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.