சத்தம் போடாத கம்பியூட்டர்

சமையலும் பிள்ளை வளர்ப்பும் எழுதிவந்த நான் இம்முறை கம்பியூட்டர் வாங்கிய கதையைச் சொல்லப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் போயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தம்பி பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில்தான் பாட்டுக் கேட்போம். எங்களிடம் உம்மும்மா தாலாட்டுப் பாடிய கசற் ஒன்று இருந்தது. தம்பியின் கை சோர்ந்தால் உம்மும்மாவின் குரலும் இழுபடும், அதற்கும் சிரிப்போம். அவ்வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். குழந்தையைத் தூக்கினேன். அலுமாரியில் இருந்த கசற் ஞாபகத்துக்கு வரவில்லை. உம்மும்மா புத்தளத்தில் மௌத்தானார்கள்.

அந்தத் தாலாட்டுகளை அறிந்தவர் இப்போது பெரியும்மா ஒருவர்தான். சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்து இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். குரல் தணிந்துவிட்டது.

கைபேசி போதாதா என்று கேட்பீர்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் பல கைபேசிகள் இரைச்சலைக் குறைக்கிறோம் என்று மெல்லிய ஒலியையும் விழுங்கிவிடுகின்றன. பாட்டின் முடிவில் பெரியும்மா இழுக்கும் முணுமுணுப்பு அப்படியே காணாமற் போயிற்று. குழந்தை தூங்குவதே அந்த முணுமுணுப்பில்தானே!

கடைக்காரத் தம்பி உள்ளங்கையளவு பெட்டிக் கம்பியூட்டர் ஒன்றைக் காட்டினார். விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் திரை வேறு வேண்டும், சுவர்க் கரண்டும் வேண்டும். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. டைனமோ சுற்றியவளுக்கு அது சரிவராது.

வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியைக் கொண்டுபோனேன். பத்து நிமிடத்தில் அதன் விசிறி சுழலத் தொடங்கியது. கேட்டுப் பார்த்தால் தாலாட்டுக்குப் பின்னால் மாவு மில் ஓடுகிறது!

ஆகவே விசிறி இல்லாததைத் தேடினேன். 2020க்குப் பின் வந்த மெக்புக் எயார்களில் விசிறி கிடையாது என்றார்கள். புதிதின் விலை நமக்கு எட்டாது. பாவித்த ஒன்றை வாங்கினேன். நம் வெயிலில் சூடேறினால் வேகம் குறையும் என்று எச்சரித்தார்கள். ஒரு கிழவியின் குரலைப் பிடிக்க என்ன வேகம் வேண்டும்? 8 ஜிபி நினைவகமே தாராளம். ஒரு மைக்கில் நல்ல தரத்தில் பதிந்தாலும் மணித்தியாலத்துக்கு அரை ஜிபிதான். சுழலும் தட்டு உள்ளே இல்லாததால் புத்தளம் பஸ்ஸின் குலுக்கலுக்கும் பயமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மைக்கும் அதே பற்றறியில்தான் கரண்ட் எடுக்கும். மைக்கைக் கொழுவி வைத்து, எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை வெளிச்சத்தைக் கண்டதும் பெரியும்மா வாயை மூடிக்கொண்டார். வெளிச்சத்தைக் குறைத்து, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பேத்தியின் பிள்ளையை மடியில் கொடுத்தேன். மெல்லப் பாடத் தொடங்கினார். ஐந்து தாலாட்டுகள் பதிந்தேன். வெளியே ஒரு காகம் கத்துவது கேட்கிறது, இருக்கட்டும். அன்றிரவே இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை யாழ்ப்பாணத்திலும் ஒன்றைப் புத்தளத்திலும் வைத்தேன்.

மறுநாள் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர் இடையில் கையை உயர்த்தினார்.

"அந்த இடம் பிழை மகள். உம்மா இப்படிப் பாடமாட்டா. பெட்டியைத் திற, திரும்பப் பாடுறன்."