அஃபர்வத் திறக்கும் நாள்

குல்மார்க்குக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் தேதி சொல்வதில்லை. எத்தனை நாள் தங்க முடியும் என்று திருப்பிக் கேட்கிறேன். காஷ்மீரின் அந்தச் சரிவுகளில் ஸ்கீ பழக வேண்டும் என்றாலும் சரி, பனியைக் கையில் அள்ளிப் பார்த்தால் போதும் என்றாலும் சரி, பயணம் நல்லபடியாக அமைவது அந்த விடையில்தான் இருக்கிறது. மாதத்தை நாம் முடிவு செய்யலாம். நாளை முடிவு செய்வது மலை.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில் இருக்கிறது குல்மார்க். அந்தப் புல்வெளியே சுமார் 2,650 மீட்டர் உயரம். நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியில் நிற்கும் அதே உயரத்தில் அங்கே ஹோட்டல்களும் கடைகளும் இருக்கின்றன. மலை அதற்கு மேல்தான் தொடங்குகிறது. 1998-இல் திறந்த கொண்டோலா என்னும் ரோப்காரின் முதல் கட்டம் ஊசியிலைக் காடுகளுக்கு மேலே சுமார் 3,050 மீட்டரில் உள்ள கோங்டூரிக்குக் கொண்டுபோய் விடும். 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறக்குறைய 3,950 மீட்டருக்கு ஏற்றிவிடும். அரை மணி நேரத்துக்குள் 1,300 மீட்டர் மேலே போய்விடுகிறோம்.

இந்த வேகத்தில்தான் குல்மார்க்கின் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே மைனஸ் ஐந்து என்றால் மேலே மைனஸ் 13, 14 இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்துகொண்டால் திறந்திருக்கும் கன்னத்துக்கு அது மைனஸ் 25. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். சென்னையில் காலையில் விமானம் ஏறி மறுநாளே அஃபர்வத்தில் நிற்பவருக்குத் தலை வலிப்பதும் மூச்சு வாங்குவதும் இயல்பு. ஸ்ரீநகரில் ஓர் இரவு, குல்மார்க்கில் ஓர் இரவு தங்கி, பிறகு மேலே போங்கள். உடம்பு அந்த இடைவெளியைக் கேட்கிறது.

ஸ்கீ விளையாட வருபவருக்கு இந்த மலை மூன்று வேறு இடங்கள். கீழே உள்ள புல்வெளி முதலாவது. கோடையில் கோல்ஃப் ஆடும் மைதானம் அது. குளிர்காலத்தில் அதன் மெல்லிய சரிவுகளில் குழந்தைகளும் புதியவர்களும் பழகுவார்கள். நின்றபடியே கயிறு இழுத்துக்கொண்டு போகும் லிஃப்டுகள் உண்டு, பயிற்சியாளர்கள் உண்டு, பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கீ பூட்ஸ் நம் ஷூ அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடியதல்ல. கொக்கிகளை எல்லாம் மாட்டி, முழங்காலை முன்னால் மடக்கி நின்று பாருங்கள். குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட்ஸ் வேண்டாம். எழும்பும் குதிகாலோடு திருப்பம் போட வராது. பழகும் ஆர்வம் ஒரே நாளில் வற்றிவிடும்.

இரண்டாவது, கோங்டூரிக்கும் குல்மார்க்குக்கும் நடுவிலுள்ள காட்டுச் சரிவு. ஓரளவு பழகியவர்களுக்கானது. மேகம் இறங்கி எல்லாம் வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாத நாட்களில் மரங்கள்தான் கண்ணுக்குப் பிடிமானம். காற்றையும் அவை தடுத்துவிடுவதால் மேலே கொண்டோலா ஓடாத நாட்களிலும் இங்கே விளையாடலாம்.

மூன்றாவது அஃபர்வத். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் தேடி வருவது இதற்குத்தான். மரமே இல்லாத, செங்குத்தான, இயந்திரம் வைத்துச் சமன் செய்யாத பனி. கொண்டோலாவின் கம்பிகளுக்குக் கீழே உள்ள அகன்ற சரிவை மட்டும் ஸ்கீ ரோந்துக் குழு பார்த்துக்கொள்கிறது. பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு வெடி வைத்து நிலையற்ற பனியை இறக்கிவிட்டுத்தான் அதைத் திறப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டி இடப்பக்கமோ வலப்பக்கமோ பத்தடி போனாலும் அது காவலற்ற மலை. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். எல்லைக் கயிறு அழகுக்காகக் கட்டியதல்ல.

இனி வானிலை. டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே பனியைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து உயர்வளிமண்டலக் காற்றோட்டத்தோடு கிழக்கே நகர்ந்து வரும் தாழ்வழுத்த அமைப்புகள். மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலை அறிக்கைகள் இவற்றைக் குறிப்பிடும். வழியில் காஸ்பியன் கடலும் அரபிக் கடலும் ஈரம் சேர்த்துக் கொடுக்க, பீர் பஞ்சாலில் மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து பனியாகக் கொட்டிவிடுகின்றன. ஐப்பசியில் வங்கக் கடலில் எப்போது தாழ்வு உருவாகும் என்று நம் டெல்டாக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதுபோலத்தான் குல்மார்க்காரர்கள் இவற்றை எதிர்பார்க்கிறார்கள். ஒன்று வந்தால் ஒரே இரவில் இடுப்பளவு பனி. வராவிட்டால் வாரக்கணக்கில் நீல வானம்.

டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள். அதன்பின் இருபது நாள் சில்லை குர்த், பத்து நாள் சில்லை பச்சா. பெரியது, சின்னது, குட்டி என்று குளிர் படிப்படியாக இறங்கும் கணக்கு. ஆழமான, உலர்ந்த, தூள் பனி வேண்டுபவர்கள் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வரலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கும் குடும்பத்தோடு வருபவர்களுக்கும் பிப்ரவரி பிற்பாதி முதல் மார்ச் நடு வரை இதமாக இருக்கும்: பகல் நீளம், குளிர் குறைவு, அடியில் போதிய பனி. மார்ச் வெயிலில் பனி காலையில் கல்லாக இருந்து, பதினோரு மணிவாக்கில் இளகி, பிற்பகலில் சேறாகிவிடும். அந்த நடு இரண்டு மணி நேரத்தை விட்டுவிடக் கூடாது. டிசம்பரில் வருபவர்கள் பாறைகள் இன்னும் மூடாமல் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழைய கணக்கு. 2024 ஜனவரியில் சில்லை கலானின் பெரும்பகுதி பனியின்றிக் கழிந்து, புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் கட்டம் பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தது. வருபவருக்கு அது ஏமாற்றம். சறுக்குவண்டி இழுப்பவருக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு வருட வருமானம். தூரத்திலிருந்து பார்க்கும்போது பருவநிலை மாற்றம் வரைபடத்தில் ஒரு கோடு. குல்மார்க்கின் அடிவாரத்து டங்மார்க்கில் சறுக்குவண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தபின் எனக்கு அது அப்படித் தெரிவதில்லை.

பனி விழுந்துவிட்டால் அடுத்த கேள்வி, அது அங்கேயே நிற்குமா என்பது. ஒரு பனிப்பொழிவு ஓய்ந்த மறுநாள், வழிகாட்டியோடு காட்டின் மேல் விளிம்பருகே நின்றிருந்தேன். வானம் துல்லியமான நீலம். மேலே அஃபர்வத் முகட்டிலிருந்து மட்டும் பனித்தூள் நீளமாகப் பறந்துகொண்டிருந்தது. அவர் பைக்குள்ளிருந்து மண்வாரியை எடுத்து, சிறிய சரிவு ஒன்றில் மார்பளவுக்குக் குழி தோண்டினார். சுவரைச் செதுக்கி நேராக்கி, கையுறையைக் கழற்றி, விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். முதலில் விரல் தாராளமாகப் போயிற்று. பிறகு ஒரு கெட்டியான அடுக்கு. அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டாத பளபளக்கும் மணிகள், உள்ளங்கையில் எடுத்தால் உதிர்ந்தன. நீண்ட குளிர் இரவுகளில் பழைய பனி இப்படி மாறிவிடும் என்றார்.

பிறகு முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தூண் வெட்டிப் பிரித்தார். மண்வாரியை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து மெல்லப் பத்துத் தட்டு. ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து பத்துத் தட்டத் தொடங்கினார். தோளிலிருந்து தட்ட வேண்டிய கடைசிப் பத்துக்கு வேலை வரவில்லை. பாதியிலேயே மேல்பகுதி முழுதும் ஒரே பலகையாக நழுவி அவர் மடியில் வந்து விழுந்தது. உதிரி மணிகள் இருந்த அதே இடத்தில் முறிந்திருந்தது. "பார்த்தீர்களா பாய்? இன்றைக்கு மரங்களுக்குள்ளேயே இருப்போம்," என்றார். நாங்கள் காட்டுச் சரிவிலேயே அன்று முழுதும் விளையாடினோம்.

அவர் காட்டியதுதான் பனிச்சரிவின் இயக்கம். பலவீனமான அடுக்கின் மேல் புதுப்பனி ஏறுகிறது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பலகையாகக் குவிக்கிறது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடத்தில் ஒரு மனிதரின் எடை போதும், எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும். மிக ஆபத்தானவை பனிப்பொழிவு நாளும் அதை அடுத்த ஓரிரு நாட்களும். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும் அதே நாட்கள். 2010 பிப்ரவரியில் இங்குள்ள ராணுவ உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த பதினைந்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பயிற்சியின்போது பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1-இல் அஃபர்வத்தின் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். பனியோடு பழகியவர்களுக்கே இந்த நிலை. புதைந்தவரை உயிரோடு மீட்க முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான் நல்ல வாய்ப்பு. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அது போதாது. அதனால் எல்லையைத் தாண்டிப் போகும் ஒவ்வொருவரிடமும் சிக்னல் அனுப்பும் கருவி, நீளக் குச்சி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டியும் உடனிருக்க வேண்டும். மாவட்டவாரியாக வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையில் 'நடுத்தரம்' என்று இருந்தால் அதைப் பாதுகாப்பு என்று படிக்காதீர்கள்.

ஸ்கீ விளையாடாதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காற்று பலமானால் முதலில் நிற்பது இரண்டாம் கட்டக் கொண்டோலா. ரோந்துக் குழு வேலையை முடிக்கும்வரை அது திறக்காது. டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருப்பதால், ஒரே நாள் பயணமாக வந்து அன்று மலை மூடியிருந்தால் வேறு வழி இல்லை. டங்மார்க்குக்கு மேலே உள்ள 13 கிலோமீட்டர் மலைப்பாதையில் பனி நாட்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளைத்தான் விடுவார்கள். அங்கேயே வண்டி மாற வேண்டியிருக்கும். பனி கொட்டும் நாளில் ஸ்ரீநகர் விமானங்களும் ரத்தாகும். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் ரயில் இப்போது மாற்று வழி. கன்னியாகுமரியிலிருந்து கட்ராவரை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் உண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே இயங்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். புதுப்பனி வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு புற ஊதாக் கதிரைத் திருப்பியடிக்கும் என்பதால், குழந்தைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

திட்டம் போடும்போது ஐந்து நாள் வேலைக்கு ஏழு நாள் ஒதுக்குங்கள். கடைசி நாளை ஸ்ரீநகரில் வைத்துக்கொள்ளுங்கள். மலை மூடியிருக்கும் நாளுக்கும் குல்மார்க்கில் வேலை இருக்கிறது: காட்டுக்குள் நடக்கலாம், 1902-இல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயத்தைப் பார்க்கலாம், காங்ரி என்னும் கணப்புச் சட்டியின் சூட்டில் கையை வைத்துக்கொண்டு உப்புத் தேநீர் குடிக்கலாம், வழிகாட்டியிடம் மறுநாளைய காற்றைப் பற்றிப் பேசலாம். அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளிலும் அவருடைய கூலியை முழுதாகக் கொடுங்கள். அவருக்குத் தன் வருமானத்தை இழக்காமல் 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்திரம் இருந்தால்தான், அவர் 'வாருங்கள்' என்று கூப்பிடும் நாளில் நாம் நம்பிப் பின்னால் போக முடியும்.