ஏட்டில் கண்ட பெயர்

கொங்குநாட்டில் 'என்ன கூட்டம்?' என்று கேட்டால் தந்தைவழி வந்துவிடும். தாயின் பெயர் வராது. எங்கள் பாட்டியைப் பெற்ற சில நாட்களில் அவர் தாய் இறந்துபோனார். அத்தாயின் பெயர் பாட்டிக்கே தெரியாது.

பங்கு ஏட்டைப் பார்க்கச் சொன்னார் எங்கள் சரித்திர ஆசிரியை. இங்கிலாந்தில் 1538-இல் பங்குதோறும் ஏடு எழுத ஆணை பிறந்தது. 1549-இல் அங்கே குருக்கள் மணம்புரிய அனுமதி பெற்றனர். அக்குடும்பங்களின் முன்னோரைத் தேடுவோர்க்கு அவ்வேடுகளே துணை. ஆனால் பழைய ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயர் மட்டுமே உண்டு.

கத்தோலிக்கப் பங்குகளுக்கு 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் ஏடுகளை விதித்தது. கோவையில் எங்கள் பங்குத்தந்தை பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைக் காட்டினார். தந்தை, தாய், ஞானப்பெற்றோர் பெயர்கள் அனைத்தும் இருந்தன! தாயின் பெயரைப் பாட்டி மும்முறை சொல்லிப் பார்த்தார். நவம்பர் 2, மரித்தோர் திருநாளில் அப்பெயர் சொல்லியே பூசை வைப்போம்.