விதைக்கும் ஊர் உண்டு

இமாச்சலப் பிரதேசத்தின் பூந்தரில் பியாஸ் ஆற்றோடு பார்வதி ஆறு வந்து கலக்கிறது. அங்கிருந்து பார்வதியின் கரையோடு மேலே ஏறினால் ஜரி, கசோல், மணிகரண் என்று வரிசையாக ஊர்கள் வரும். ஜூன் மாதத்தில் இந்த வழியே போகிறவர்கள் பனிச்சிகரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு செடியைப் பார்த்துவிடுவார்கள். பேருந்து நிற்கும் இடத்தின் பின்புறம், மாட்டுக் கொட்டகையின் ஓரம், ஆப்பிள் தோட்டத்து வேலியடி என்று எருவும் ஈரமும் உள்ள இடத்திலெல்லாம் அது இடுப்பளவு வளர்ந்து நிற்கும். அதை யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவும் இல்லை. மலைக்காரர்கள் அதை ‘பாங்’ என்கிறார்கள்; நமக்கு அது கஞ்சா. சமவெளியிலிருந்து வரும் இளைஞர்கள் பலர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவதே இதற்காகத்தான். செடியைக் கொண்டாடுகிறோம் என்று நம்பி வரும் இந்தக் கூட்டமும், ஒழிக்கிறோம் என்று அரிவாளோடு வரும் அரசும் சேர்ந்தே இமயத்தின் நாட்டு ரகங்களை இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த ரகங்களை அவை பிறந்த சரிவிலேயே, அந்த மலை உழவர்களின் கையிலேயே காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

‘நாட்டு ரகம்’ என்ற சொல்லை ஏதோ பாசத்தில் சொல்லவில்லை. அதற்குத் தாவரவியல் அடிப்படை உண்டு. 1753இல் லின்னேயஸ் ஐரோப்பிய நார்ச்செடியை மனத்தில் வைத்து ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்டார். பிரெஞ்சுப் பயணி சொன்னெரா இந்தியாவிலிருந்து கொண்டுபோன மாதிரிகளைப் பார்த்த லமார்க், இது வேறு என்று கண்டு 1785இல் ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்றார். இரண்டும் தனித்தனி இனங்களா, ஒரே இனத்தின் பிரிவுகளா என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. 2020இல் ஆய்வாளர்கள் ஜான் மெக்பார்ட்லண்டும் எர்னஸ்ட் ஸ்மாலும் வெளியிட்ட வகைப்பாட்டில், இண்டிகாவுக்குள் தெற்காசியச் செடிகள் ஒரு பக்கமும் மத்திய ஆசியச் செடிகள் ஒரு பக்கமுமாகப் பிரிகின்றன. தெற்காசியப் பக்கத்தில் மனிதர் வளர்த்த வகை ஒன்று. அதற்குக் காட்டு உறவாக நிற்பது ‘ஹிமாலயென்சிஸ்’. பெயரிலேயே மலையைச் சுமக்கும் செடி இது. இந்த வகைகள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன என்பதைத் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் வைத்தார்கள். காரணமாக அவர்கள் காட்டுவது கட்டுப்பாடில்லாத கலப்பைத்தான்.

காட்டுச் செடியின் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மிளகைவிடச் சிறியது. ஆமை ஓட்டில் இருப்பதுபோல் பழுப்பும் கறுப்புமாய்ப் புள்ளி போட்ட மெல்லிய தோல் அதன் மேல் ஒட்டியிருக்கும். உலர்ந்த மண்ணில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. அடிப்புறம் சற்றே கழுத்துப்போல் நீண்டிருக்கும். முற்றியதும் அந்த இடத்தில் தானே கழன்று உதிர்ந்துவிடும். எல்லா விதைகளும் ஒரே மழைக்கு முளைத்துவிடுவதும் இல்லை. சில முந்தும், சில காத்திருக்கும். ஒரு மழை பொய்த்தாலும் வம்சம் அறுந்துபோகாது. உழவர் வளர்த்த செடியின் விதையோ பருத்தது, காம்பை விட்டு எளிதில் உதிராதது, போட்டதும் முளைப்பது. பல நூறு தலைமுறைகள் பொறுக்கியெடுத்ததில் வந்த வேறுபாடு இது. செடியின் உடம்பிலும் மலை தெரியும். பகல் குறுகத் தொடங்கும்போது பூத்து, பனி விழும் முன் விதை முற்றிவிடும் கணக்கு அதற்குள் இருக்கிறது. குறுகலான இலையும் விரிந்து நெகிழ்ந்த பூங்கொத்தும் பருவமழையின் ஈரத்தைத் தாங்குவதற்கானவை. வறண்ட ஆப்கன் நிலத்தில் உருவான குட்டையான செடியின் பூவோ நெருக்கமானது; ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து அழுகும். ஒரு ஊரின் வெயிலும் மழையும் அந்த ஊர் விதையில் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தச் செடியை மலை எதற்கெல்லாம் வைத்துக்கொண்டிருந்தது என்பதும் நாம் மறந்த கதை. குலுவில் ‘பூலா’ என்றொரு காலணி உண்டு. பாங் தண்டின் பட்டையை உரித்து, நாராக்கி, திரித்து, அடிப்பாகத்தைப் பின்னுவார்கள். மேல்பாகத்தில் ஆட்டு மயிரும் வண்ண நூலும் ஓடும். தோல் இல்லாததால் அதைக் கோயிலுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் போட்டுக்கொண்டே நடக்கலாம். பனிக்காலத்தில் கல்தரையின் குளிர் காலில் ஏறாது. உத்தராகண்டின் குமாவூனில் இதே செடியின் விதை சமையல் பொருள். விதையை வெறும் சட்டியில் வறுப்பார்கள். படபடவென்று பொரியத் தொடங்கும்போது இறக்கி, பச்சை மிளகாய், கொத்துமல்லி அல்லது புதினா, உப்பு சேர்த்து அம்மியில் அரைத்து, மலை எலுமிச்சையைப் பிழிவார்கள். சாம்பல் ஓடிய பச்சை நிறத்தில், எள்ளுத் துவையலின் உறவுபோல ஒரு துவையல் கிடைக்கும். விதையில் போதை இல்லை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், நான்கில் ஒரு பங்கு புரதம். குளிர்காலம் நீளும், பயறு குறைவாக விளையும் மலைக்கு இது எவ்வளவு பெரிய துணை! கயிறு, சாக்கு, செருப்பு, துவையல், மாட்டு மருந்து என்று பல கைகளுக்கு உதவிய செடியை ‘சரஸ்’ (போதைப் பிசின்) என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தது வெளியிலிருந்து வந்த சந்தை.

மலானா அதற்குச் சான்று. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், கனாஷி என்ற தனி மொழியோடும், ஜம்லு தெய்வத்தின் பெயரால் நடக்கும் ஊர்ச்சபையோடும் இருக்கும் கிராமம் அது. உலகத்துக்கு அதன் மொழி தெரியாது. ‘மலானா கிரீம்’ தெரியும். உயிருள்ள செடியின் பூவை இரு உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் தேய்த்து எடுக்கும் பிசின் அது. நாள் முழுக்கத் தேய்த்தாலும் கையில் சேர்வது சொற்ப கிராம்தான். இந்தப் பொருளுக்கு விலை ஏற ஏற, கூடுதலாகப் பிசின் தரும் செடி வேண்டும் என்ற ஆசையும் ஏறுகிறது. வெளிநாட்டு விதைக் கம்பெனிகளின் கலப்பின விதை, பயணிகளின் பையில் பார்வதி பள்ளத்தாக்குக்குள் வந்தது இப்படித்தான்.

இங்கேதான் இந்தச் செடியின் இயல்பு அதற்கே எதிராகிறது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைச் சுமப்பது காற்று. அது பல கிலோமீட்டர் போகும். நெல்போலத் தன் பூவிலேயே தான் கருவுறும் பயிராக இருந்தால் பக்கத்து வயலில் வேறு ரகம் நின்றாலும் பெரிய மோசமில்லை. இங்கே ஒருவர் கொல்லையில் நட்ட பத்துக் கலப்பினச் செடிகளில் ஒன்று ஆணாக இருந்தாலே, காற்று வீசும் திசையிலுள்ள வயல்களின் விதை அந்த ஆண்டே கலந்துபோகலாம். கலந்த விதை உதிர்ந்து சாலையோரத்துக் காட்டுச் செடியோடும் சேரும். அதற்குப் பிறகு எது பழையது என்று பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ஓசையின்றி நடக்கும் அழிவு இது. செடி பச்சைப்பசேலென்று அங்கேயேதான் நிற்கும். அதற்குள்ளிருந்த மலை மட்டும் போயிருக்கும்.

‘கலப்பு இயற்கைதானே, செடியே வந்தேறிதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 2021இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கஞ்சாச் செடியை மனிதர் முதலில் பழக்கியது கிழக்காசியாவில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு என்கிறது. வணிகப் பாதைகளில் அது போய் வந்து, கலந்தே வந்திருக்கிறது. தூய ரகம் என்று எதையும் நான் கோரவில்லை. பழைய கலப்பு, ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் இடையே, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல மெதுவாக நடந்தது. ஒவ்வொரு தலைமுறையையும் பனியும் மழையும் சலித்தெடுத்தன. இன்று வருவதோ, மின்விளக்கின் அடியில், போதைச் சத்து ஒன்றையே குறியாக வைத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய பெற்றோர்களிலிருந்து பெருக்கிய விதை. உலகெங்கும் ஒரே விதை போனால் உலகெங்கும் ஒரே செடிதான் மிஞ்சும். மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதற்காக ஊருக்கு ஊர் வேறுபடும் நம் மிளகாய் வகைகள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவோமா?

‘விதையைச் சேகரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் போதாதா’ என்பது அடுத்த கேள்வி. விதை வங்கி வேண்டும், அதை மறுக்கவில்லை. தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்துக்குச் சிம்லாவிலும் பவாலியிலும் நிலையங்கள் இருக்கின்றன. மலை ரகங்களைச் சேமிக்க அவை ஏற்ற இடங்கள். ஆனால் காற்றால் கலக்கும் பயிரில் ஒவ்வொரு செடியும் வேறு. ஒரு கைப்பிடி விதையில் ஒரு மலைச்சரிவு அடங்காது. வைத்த விதையும் நாளாக ஆக உயிர் குறையும். மறுபடி விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். எங்கே விதைப்பது? அயலூரின் பசுமைக்குடிலில் விதைத்தால் அந்தக் குடிலுக்குப் பிடித்த செடிதான் பிழைக்கும். சொந்தச் சரிவில் விதைத்தால்தான், மாறிவரும் பருவத்தோடு விதையும் மாறக் கற்றுக்கொள்ளும். தனி ஆட்கள் மலையிலிருந்து விதை அள்ளிக்கொண்டுபோய்ப் பெயர் சூட்டி விற்பதைப் ‘பாதுகாப்பு’ என்று சொல்வதையும் ஏற்க முடியாது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை எடுக்க, சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பயன் வந்தால் அதில் ஊருக்கும் பங்கு வேண்டும். சட்டைப் பையில் விதை போகும்போது இரண்டுமே தவறிப்போகின்றன.

மிகக் கனமான ஆட்சேபம் வேறு. ‘இது போதை. பள்ளத்தாக்கின் பிள்ளைகள் சிறையில் இருக்கிறார்கள். இதைக் காப்பாற்றச் சொல்வது சரியா?’ இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள தாய்மாரின் துயரத்தை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை சிறை. வணிகத்தின் லாபம் எங்கோ போக, வழக்கு ஏழை உழவரின் தலையில் விழுகிறது. ஆனால் அதே சட்டம் ‘கஞ்சா’ என்பது பூவும் காயும் கொண்ட நுனிதான் என்கிறது. நுனி சேராத இலையையும் விதையையும் விலக்கிவிடுகிறது. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க அரசு அனுமதிக்கலாம் என்று அதன் 14ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் அப்படியே. ஆக, நாட்டு ரகத்தைக் காப்பதும் போதையை வளர்ப்பதும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆண்டுதோறும் செடிகளை வெட்டும் நடவடிக்கை சரஸை ஒழிக்கவில்லை. வயலை வீட்டருகிலிருந்து எட்டாத காட்டுக்குள் மேலே தள்ளியிருக்கிறது. நாருக்கும் துவையலுக்கும் நின்ற செடியும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. சரஸை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அதே செடியில் நேர்மையான வேறொரு வருமானத்தைக் காட்டுவதே அந்தப் பிள்ளைகளைக் காக்கும் வழி.

அந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2018இல் உத்தராகண்ட், தொழில்துறைக்கான பாங் வளர்ப்புக்கு உரிமம் தந்த முதல் மாநிலமானது. நிபந்தனை: போதைச் சத்தான டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1976இல் அதே ஸ்மாலும் தாவரவியலாளர் குரோன்குவிஸ்டும் வகைப்பாட்டுக்கு வசதியாக வரைந்த ஒரு கோடு அது. மயக்கம் எங்கே தொடங்குகிறது என்று அளந்து போட்டதல்ல. இமயத்தின் நாட்டுச் செடி பொதுவாக இந்தக் கோட்டைத் தாண்டும். எனவே சட்டப்படி வளர்க்க நினைக்கும் உழவர் அயல்நாட்டு விதையைத் தேடுகிறார். அந்த விதையின் மகரந்தமும் காற்றில்தான் போகும். கள்ளச்சந்தை ஒரு பக்கம் கலக்க, உரிமம் பெற்ற வயல் மறுபக்கம் கலக்கிறது. 2025இல் இமாச்சல அரசு பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களின் துணையோடு முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. அங்கே மூன்று காரியங்களை வலியுறுத்த வேண்டும். செடியின் சத்தை அளப்பதை விட்டு, விற்பனைக்கு வரும் விதையையும் நாரையும் அளந்து அனுமதி தருவது ஒன்று. வெளி விதையே நுழையாத பள்ளத்தாக்குகளைக் குறித்து ஒதுக்குவது இரண்டு. அங்கே பழைய விதையைத் தொடர்ந்து விதைக்கும் குடும்பங்களுக்கு அதற்கான கூலியை அரசே தருவது மூன்று.

அரசு செய்யும் வரை பயணி செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. மேலே போகிறவர் எந்த விதையையும் கொண்டுபோகாமல் இருக்கலாம். இறங்குகிறவர் எந்த விதையையும் கொண்டுவராமல் இருக்கலாம். வேண்டுமானால் ஒரு ஜோடி பூலா வாங்கட்டும். குமாவூனில் ஒரு கரண்டி துவையல் கூடுதலாகக் கேட்கட்டும். அந்தக் காசு செடியின் நல்ல பக்கத்துக்குப் போய்ச் சேரும். காட்டுச் செடியின் விதை தொட்டால் உதிர்வது. நமக்குத் தெரியாமலே பையின் மடிப்பிலும் காலணியின் இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். பூந்தரில் ஏறும் முன் ஒருமுறை, இறங்கும் முன் ஒருமுறை, பையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள்.