கறுப்பு நெகிழியும் கருவேல முள்ளும்

சக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் பகுதியை எங்கள் ஊர்ப்பக்கம் மட்கார்டு என்பார்கள். பழைய ஜீப்புகளில் அது இரும்புத் தகடு. நசுங்கினால் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். 2020-இல் வெளிவந்த புதிய தார் வண்டியில் அந்த வைத்தியம் செல்லாது. (சகோதரர் இருவரும் சேர்ந்து வாங்கியது, தவணையும் பாதிப்பாதி.) அதன் சக்கர வளைவுகளைச் சுற்றியிருப்பது வண்ணம் பூசப்படாத, சொரசொரப்பான கறுப்பு நெகிழி.

இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளை அறிந்தவர்களுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அக்காள் மகன் ஒருநாள் வண்டியைக் கேட்டு வாங்கிச் சென்றான். கரைப்பாதையில் எதிரே டிராக்டர் வர, ஒதுங்கியிருக்கிறான். இடப்பக்கம் முழுதும் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவன் மூன்று வாரம் தலைகாட்டவில்லை. பிறகு அக்காளிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே பணம். தாய்மாமன்கள் இருவர் உயிரோடு இருக்கையில், அக்காள் அபராதம் கட்டுவதா? அன்று இரவு எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பட்டறையில் கேட்டபோது, மொத்தமாகக் கழற்றிப் புதிது மாட்டலாம், அல்லது பெயிண்ட் அடிக்கலாம் என்றார்கள். இவ்வகை நெகிழி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. அதற்குரிய பிரைமர் இல்லாமல் அடித்தால் பெயிண்ட் பற்றாது; உரிந்து தொங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ சொரசொரப்பு போய், அந்த இடம் மட்டும் வழுக்கைத் தலைபோல் தெரியும். கடைகளில் விற்கும் சிலிக்கோன் பூச்சு சில மழைகளுக்கு மேல் தாங்காது. பழைய வண்டியை விற்பவர்களுக்கு மிக உகந்த பொருள் அது!

உண்மையில் அந்த வெள்ளைக் கோட்டில் நிறம் எங்கும் போய்விடவில்லை. கறுப்பு மேலே பூசப்பட்டதன்று, உள்ளும் புறமும் கலந்தது. முள் கீறிய இடத்தில் நெகிழி நுண்ணிய அளவில் பிய்ந்து, பிசிறாகி நிற்கிறது. அதில் ஒளி சிதறுவதால் வெள்ளையாய்த் தெரிகிறது. சூடான காற்று பட்டால் பிசிறுகள் இளகிப் படியும்; கறுப்பு திரும்பும். ஆனால் முள் தோண்டியெடுத்த பள்ளத்தை எந்தச் சூடும் நிரப்பாது. கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தால் போதும். நகம் சிக்கினால் பள்ளம்.

ஒரு ஹீட் கன் இரவல் வாங்கினோம். அக்காள் மகனை ஆள் விட்டு அழைத்தோம். வந்தவன் முகம் பார்க்காமல், "மாமா, புதுசே போட்டுருவோம். மாசாமாசம் குடுத்துர்றேன்" என்றான். முதலில் கழுவச் சொன்னோம். மண் இருந்தால் நெகிழியோடு சேர்ந்து வெந்துவிடும். ஈரம் உலர்ந்தபின் கருவியை அவனிடமே கொடுத்தோம். ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது, கை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஏறத்தாழ 160 டிகிரியில் உருகும் பொருள். சற்று அசந்தால் பளபளத்து, நெளிந்துவிடும். அவன் கை முதலில் நடுங்கியது. முதல் கோடு மறைந்ததும், "மாமா, போயிருச்சு!" என்று கத்தினான். மூன்று வாரத்திற்குப் பின் அவன் குரல் அந்த வீட்டில் கேட்டது.

மாலைக்குள் பெரும்பாலானவை மறைந்தன. பின்சக்கரத்தின் மேல் இரண்டு பள்ளங்கள் மட்டும் நிற்கின்றன. உறையை அவன் கையிலேயே கொடுத்து, அக்காளிடம் சேர்க்கச் சொன்னோம். அக்காள் தொலைபேசியில் எங்களைத் திட்டித் தீர்த்தாள். மறுவாரம் அவன் மீண்டும் சாவி கேட்டு வந்தான்.