கைப்பைக்குள் ஒரு கமரா

எங்கள் உம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. சாய்ந்தமருதில் கடலோரம் இருந்த வீட்டை 2004 டிசம்பர் 26இல் சுனாமி கொண்டுபோனபோது அலுமாரியில் இருந்த அல்பமும் போயிற்று. உயிர் தப்பியதே பெரிது, அல்ஹம்துலில்லாஹ். படத்தின் நினைப்பு வந்தது வெகு காலத்துக்குப் பிறகு, "உம்மம்மா சின்ன வயசில எப்படி இருந்தா?" என்று என் மகள் கேட்டபோதுதான்.

இப்போதாவது எடுத்து வைப்போம் என்றால் உம்மா சம்மதிக்க வேண்டுமே! ஃபோனைத் தூக்கினாலே முக்காட்டால் முகத்தை மூடிக்கொள்வார். "வேணாம் புள்ள, அது எங்கெங்கயோ போகும்." பிழை சொல்ல முடியாது. எங்கள் குடும்பக் கல்யாணம் ஒன்றில் பெண்கள் பக்கம் எடுத்த படம் அன்று மாலையே வட்ஸ்அப்பில் கட்டார் வரை போய்விட்டது. அன்றிலிருந்து ராத்தாவும் ஃபோனுக்கு முன்னால் நிற்பதில்லை.

ஆகவே தனிக் கமரா ஒன்று வாங்க நினைத்தேன். பெரியது வேண்டாம், அதைக் கண்டால் ஸ்டூடியோக்காரர் வந்ததுபோல் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். பாரத்துக்குப் பயந்து நாமும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். கைப்பைக்குள் பர்ஸுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும்.

கடையில் மெகாபிக்சலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். பார்க்க வேண்டியது வெளிச்சத்தை வாங்கும் சென்சரின் அளவை. மலிவான சிறிய கமராக்களில் அது சுமார் 6 மில்லிமீற்றர் அகலம், நாலரை உயரம். குசினி வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். ஓர் அங்குல சென்சர் என்பது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், பரப்பில் நான்கு மடங்கு. (பெயரில்தான் அங்குலம்! அளந்தால் வராது.) லென்ஸில் எஃப் 1.8 என்றிருந்தால் ஃப்ளாஷ் இல்லாமலே வீட்டுக்குள் எடுக்கலாம்.

2012இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100இல் இரண்டும் உண்டு. பற்றரியோடு 240 கிராம். பாவித்த ஒன்றைத் தேடினேன். "அடுத்த வருஷம் வந்த மொடல்ல வைஃபை இருக்கு, அத வாங்குங்க உம்மா" என்றான் மகன். வைஃபை இல்லாததால்தான் முதல் மொடல் வேண்டும் என்றேன். அவனுக்கு ஒரே சிரிப்பு.

குறையும் உண்டு. சூம் பண்ணினால் லென்ஸ் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துத்தான் வாங்கும். கிட்டப் போய் எடுப்பதே நல்லது. லென்ஸ் உள்ளே வெளியே போய்வருவதால் கடற்கரை மணலும் ஆகாது. பழைய துணியில் சிறு உறை தைத்துப் போட்டிருக்கிறேன்.

உம்மா கமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில இருந்து ஒருத்தருக்கும் போகாதா?"

"கார்டை நான் கழற்றிக் கொண்டுபோனாலொழிய எங்கயும் போகாது உம்மா."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப இரி, முக்காட்டச் சரியாப் போடுறன்."

படத்தைக் கடையில் கொடுக்கவில்லை. மச்சி வீட்டுப் பிரின்டரில் இரண்டு பிரதி எடுத்தோம். பலாக்கொட்டை உரித்தபடி உம்மா சிரிக்கிறார். ஒன்று என்னிடம். மற்றது கடலுக்குத் தொலைவில், மாவனல்லையில் ராத்தா வீட்டு அலுமாரியில்.